தீனாவின் வீட்டுத் தூண்

"அந்தச் சட்டையில இருக்கிற ரத்தம் யாருதும்மா?"

செங்கல்பட்டில், பிணவறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்த விஜயகுமாரியிடம் ஒரு போலீஸ்காரர் அப்படிக் கேட்டார். அவர் கையில் இருந்த பாலித்தீன் பைக்குள் அவள் புருஷன் பூபாலனின் சட்டை கிடந்தது. சிமெண்டும் ரத்தமும் காய்ந்து அட்டை மாதிரி விறைத்துப் போயிருந்தது.

"பாதி சேவலுது சார். பாதி அவருது," என்றாள்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். புருஷனைப் பறிகொடுத்தவள் எதையோ உளறுகிறாள் என்று நினைத்திருப்பார். எதுவும் எழுதிக்கொள்ளாமல் பேனாவை மூடினார்.

அவள் உளறவில்லை. வீட்டுக்குத் தளம் போடுகிற நாளில், கலவை மெஷின் சுற்றத் தொடங்கும் முன்பு ஒரு சேவலை அறுப்பார்கள். கட்டடம் ஆள் கேட்டுவிடக் கூடாது என்று அதற்கு முன்னமே ஒரு உயிரைக் கொடுத்துவிடுவது. ரத்தத்தை மெஷின் மீதும் தளத்தின் நான்கு மூலையிலும் தெளிப்பார்கள். அறுத்த சேவல் மேஸ்திரிக்குச் சேரும். பூபாலன் மேஸ்திரி இதோடு தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்து வைத்திருந்தார். கடைசிச் சட்டி கலவை விழுந்து தளம் மட்டம் தட்டி முடிகிற வரைக்கும் கையையும் சட்டையையும் கழுவமாட்டார்.

"குடுத்தத பாதியில தொடச்சா அது மறுபடி கேக்கும்," என்பார்.

"உன் சாமிக்கு மூக்கே கெடையாதா? இந்த நாத்தத்துல எப்பிடித்தான் நிக்குதோ," என்பாள் விஜயா. அவரிடம் சித்தாளாக வேலைக்கு வந்து அவரையே கட்டிக்கொண்டவள். வேலை இடத்தில் அவரைக் கிண்டல் செய்கிற துணிச்சல் அவளுக்கு மட்டும்தான் இருந்தது.

அன்றைக்குத் திருவிடந்தைக்குப் பக்கத்தில் தளம். சாயங்காலம் வேலை முடிந்தபோது டிரம்மில் இருந்த தண்ணீரையெல்லாம் கலவை குடித்துவிட்டிருந்தது. அடியில் கிடந்தது ஒரு பக்கெட் தண்ணீர்தான். பூபாலன் அதைத் தூக்கிப் பெண்கள் பக்கம் வைத்தார்.

"நீங்க கழுவிட்டு வாங்க. நான் ரோட்டாண்ட பைப்புல கழுவிக்கிறேன்."

அறுத்த சேவலைக் கோணியில் போட்டு எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். முகமெல்லாம் சிமெண்ட் வெள்ளை. சட்டையெல்லாம் ரத்தம். கையில் ரத்தம் கசிகிற கோணி. பிள்ளை பிடிக்கிற கும்பல் கோணியோடு சுற்றுகிறது என்று அந்த வாரம் முழுக்க ஊரில் எல்லாருடைய செல்போனும் கத்திக்கொண்டிருந்தது. தண்ணீரைத் தங்களுக்கு வைத்துவிட்டுப் போன மனிதனை நினைத்து விஜயா முகத்தைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், சவுக்குத் தோப்பு ஓரம் வழி தெரியாமல் அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தையை அவர் தூக்கித் தோளில் போட்டிருந்தார்.

அது தெரிந்த குழந்தை. தீனதயாளனின் மகள் கவியா. தீனாவின் வீட்டைக் கட்டியவரே பூபாலன்தான். புதுவீடு புகுந்த அன்று அவர் மடியில் உட்கார்ந்து கேசரி தின்ற குழந்தை அது. அதை அதன் வீட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு போனார்.

பாதி வழியில், பிள்ளை பிடிக்கிறவன் என்று ஊர்க்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். முதல் அடி வாயில் விழுந்தது. பற்கள் போயின. பேச்சு குழறிப் போயிற்று. யாரோ குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள்.

விஜயா ஓடி வந்தபோது பெரிய கூட்டம். அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. உள்ளே நுழைந்தவளை யாரோ முடியைப் பிடித்துச் சுழற்றிக் கீழே தள்ளினார்கள். இடுப்பில் ஒரு மிதி விழுந்தது. கால்களுக்கு நடுவே, மண்ணில் கிடந்தபடிதான் அவள் பார்த்தாள். அவர் முழங்காலில் நின்றிருந்தார். வெள்ளை முகத்தில் சிவப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு கண் மூடிவிட்டது. இன்னொரு கண்ணால் எதிரே நிற்பவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே தீனதயாளன். கையில் சவுக்குக் கட்டை.

"தீனா," என்றார் அவர், உடைந்த தாடையை அசைத்து. "தீனா… நான்டா. மேஸ்திரிடா."

கட்டை அந்தரத்தில் ஒரு மூச்சு நேரம் நின்றது. அப்புறம் இறங்கியது.

அதற்குப் பின்னால் அவர் எழவில்லை. கோணியை உதறினார்கள். தலை இல்லாத சேவல் விழுந்தது. "அய்யோ, இது நம்ம மேஸ்திரிடா," என்று ஒரு கிழவர் தலையில் அடித்துக்கொண்டார். கூட்டம் இருந்த இடம் தெரியாமல் கலைந்தது.

மேஸ்திரியின் குரல் கேட்கவில்லை, ஆள் யாரென்று தெரியவில்லை என்று தீனதயாளன் போலீசில் சொன்னான். கோர்ட்டிலும் அவன் வக்கீல் அதையே சொன்னார். மகளோடு ரத்தம் தோய்ந்த ஓர் ஆளைப் பார்த்த தகப்பன் என்ன செய்வான் என்று கேட்டார். விஜயாவுக்கு அது புரியாமல் இல்லை. முதல் அடிகளை அவள் மன்னித்துக்கூட விடுவாள். ஆனால் அந்தக் கட்டை நின்றதே? பேரைக் கேட்டு நின்றதா, இல்லை ஓங்குவதற்காகப் பின்னால் போனதா? சோற்றுக்கு உட்கார்ந்தால் அதுதான். படுத்தால் அதுதான். அவள் புருஷன் கடைசியாகக் கூப்பிட்டது ஒருவன் காதில் விழுந்ததா, இல்லை காற்றோடு போயிற்றா என்பது தெரியாமல் அவளால் அழக்கூட முடியவில்லை.

பூபாலனின் ஆட்களில் ஒருவனான மணிதான் வந்து சொன்னான்.

"யக்கா, அவனுக்கு ஜாமீன் குடுத்துட்டாங்கோ. வூட்லதான் கீறான். போர்டிகோல சேர் போட்டு உக்காந்துகினு டீ குடிக்கிறான். நானே பாத்தேன்."

"எந்த போர்டிகோல?"

"இன்னா யக்கா கேக்கற? அவனுக்கு இன்னா நாலு வூடா? நம்ம கட்டினதுதான்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூபாலனின் சம்மட்டியை எடுத்து ஒரு உரச் சாக்கில் சுற்றிக்கொண்டு விஜயா திருக்கழுக்குன்றத்தில் பஸ் ஏறினாள்.

கண்டக்டர் காலால் சாக்கைத் தட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, இவ்ளோ கனம்?"

"சம்மட்டி."

"அத்த எடுத்துகினு எங்க போற?"

"ஒரு வூடு இடிக்கணும்."

"ஆம்பள ஆளு யாரும் வரலியா?"

"வரமாட்டாரு."

"குடுத்து வச்ச மனுசன். பொண்டாட்டிய வேலைக்கு அனுப்பிட்டு இஸ்துப் போத்திகினு தூங்குறாரா?" என்று சிரித்துச் சீட்டைக் கிழித்தார்.

விஜயா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமல்லபுரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தாள். கடற்கரைச் சாலை நெடுக அவர் கட்டிய வீடுகள் வந்தன, போயின. கேட்டில் நாய் படம் மாட்டிய வீடு. மாடியில் நீலத் தொட்டி வைத்த வீடு. எந்த வீட்டில் எந்தப் பக்கம் அவள் செங்கல் சுமந்தாள், எங்கே சாரம் சரிந்து அவள் விழப்போக அவர் ஒற்றைக் கையால் பாவாடைக் கயிற்றோடு சேர்த்துப் பிடித்துத் தூக்கினார், எல்லாம் அவளுக்குத் தெரியும். அன்று வேலையாட்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் வெட்கம் கெட்டுச் சிரித்தாள்.

தீனாவின் வீட்டு வாசலில் அவன் மனைவி சுஜாதா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். விஜயாவைப் பார்த்ததும் கையில் இருந்த ஈரத் துணி கீழே விழுந்தது. விஜயா அவளைக் கவனிக்கவில்லை. போர்டிகோவில் நாற்காலி கிடந்தது. காலி. பக்கத்தில் பாதி குடித்த டீ டம்ளர் இருந்தது. உள்ளே கதவு அப்போதுதான் சாத்திய சத்தம்.

சாக்கை உதறினாள். புடவையை இழுத்துச் செருகினாள். சம்மட்டியைத் தோளுக்கு மேல் தூக்கி போர்டிகோவின் இடது பக்கத் தூணில் இறக்கினாள்.

டங்கென்று மணி அடித்த மாதிரி ஒரு சத்தம். அதிர்வு கைகளில் ஏறித் தோளைக் கடித்தது. தூணில் பெயிண்ட் கொஞ்சம் பெயர்ந்தது. அவ்வளவுதான்.

மறுபடி அடித்தாள். மறுபடியும்.

உருண்டைத் தூண்தான் வேண்டும் என்று தீனா பிடிவாதம் பிடித்தான். "இன்னாடா தீனா, குருவிக் கூட்டுக்கு அரண்மனைத் தூணா?" என்று பூபாலன் சிரித்தார். அப்புறம் ஒரு பலகையை வளைவாக அறுத்து, அதைத் தூணைச் சுற்றி இழுத்து இழுத்துப் பூசி, தடவினால் கை வழுக்குகிற மாதிரி உருட்டி எடுத்தார். இந்த இடது தூணை முதலில் வேறொரு கொத்தனார்தான் நிறுத்தினான். அச்சுப் பிரித்ததும் பூபாலன் தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தார். விரற்கடை சாய்ந்திருந்தது. இதே சம்மட்டியை எடுத்தார். காலையில் ஆரம்பித்து உச்சிப் பொழுது வரைக்கும் வெறி பிடித்தவர் மாதிரி அடித்தார். கம்பி வெளியே வந்து, கையெல்லாம் கிழிந்து, தூண் தரையோடு போன பிறகுதான் உட்கார்ந்தார். அவர் கோபம் எப்போதும் அப்படித்தான். கட்டினதை உடைப்பார். ஆள் மேல் கை வைத்ததே இல்லை. கலவையைத் தண்ணீராக்கிக் கொண்டுவந்தாள் என்று முதன்முதலில் விஜயாவின் சட்டியைப் பிடுங்கிக் கவிழ்த்தார். மிச்சம் இருந்ததை அவள் அவர் தலையில் கொட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுவும் தண்ணிதான்," என்றார். அந்த ஆளைத்தான் கட்டிக்கொண்டாள்.

அதன் பிறகு இந்தத் தூணை அவரே கட்டினார். அதனால்தான் இப்போது அசைய மறுக்கிறது.

"வுழுடா," என்றாள் தூணைப் பார்த்து. "வுழுந்து தொலைடா."

உள்ளங்கை கிழிந்து பிடியில் ரத்தம் வழுக்கியது. தூண் நின்றது. அவளுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. இப்படிக் கட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறாயே, பாவி மனுசா.

தூணை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த கைப்பிடிச் சுவரை அடித்தாள். அது செங்கல் சுவர். மூலைக் கூட்டில் அடித்தால் பிரியும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டாவது அடியில் விரிசல் ஓடியது. அடுத்த அடியில் ஒரு பக்கம் பொலபொலவென்று கொட்டியது. சிவந்த செங்கற்கள் அவள் காலடியில் உருண்டன. அவள் சுமந்து கொடுத்தவை. உள்ளே யாரும் பார்க்காத இடத்திலும் ஒவ்வொரு கல்லுக்கும் நடுவே கலவை இடைவெளி இல்லாமல் நிறைந்திருந்தது. அவர் கரண்டியால் கீறி வழித்த தடம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் விலா எலும்பிலேயே அடித்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. ஜன்னல் கண்ணாடி தெறித்தது. ஒரு சில்லு அவள் கன்னத்தைக் கீறியது. நாற்காலியை அடித்தாள். அது முறிந்து வாசலில் போய் விழுந்தது.

தெரு கூடிவிட்டது. யாரும் கிட்டே வரவில்லை. அருணகிரி என்கிற எதிர்வீட்டுக்காரன் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

"ஏய், யாரும்மா நீ? போலீசக் கூப்புடட்டுமா?" என்றான் போனுக்குப் பின்னால் இருந்து.

விஜயா திரும்பினாள். அந்த முகம் அவளுக்குத் தெரியும். அன்றும் இதே மாதிரிதான் போனுக்குப் பின்னால் நின்றிருந்தது.

"அன்னிக்கும் எடுத்த இல்ல? இன்னிக்கும் எடு. நல்லா கிட்ட வந்து எடு. ரத்தம் தெளிவாத் தெரியல பாரு," என்று கிழிந்த கையை விரித்துக் காட்டினாள்.

அருணகிரி போனை இறக்கினான்.

சுஜாதா ஓடி வந்து பின்னாலிருந்து அவளைக் கட்டிப் பிடித்தாள். இரண்டு பேரும் செங்கல் குவியலில் விழுந்தார்கள். சுஜாதாவின் முழங்கை விஜயாவின் வாயில் பட்டது. விஜயா அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினாள். வளையல் உடைந்தது. மோதிய சுவரை விஜயா பார்த்தாள். அதற்கு அந்தப் பக்கம் சமையலறை. சுஜாதா குள்ளம் என்று மேடையை ஒரு சாண் தாழ்த்திப் போட்டவர் பூபாலன். "தங்கச்சிக்குக் கை வலிக்கக் கூடாது," என்றார். பிடி தானாகத் தளர்ந்தது.

"இடி யக்கா," என்றாள் சுஜாதா மூச்சு வாங்க. நெற்றியில் இருந்து ரத்தம் வழிந்தது. "எல்லாத்தயும் இடி. நானும் வாரேன், சேந்து இடிப்போம். கொழந்த உள்ள கீது. அத்த மட்டும் எடுத்துக்கறேன்."

"உன் புருசனும்தான் உள்ள கீறான். அவன வெளிய வரச் சொல்லு."

"அவரு வேணும்னு செய்யல யக்கா. அவருக்குக் கேக்கவே இல்ல. தெனமும் சொல்றாரு. தூக்கத்துல கூட அதத்தான் சொல்றாரு."

"வரச் சொல்லுடி."

விஜயா எழுந்து கதவில் சம்மட்டியை இறக்கினாள். தேக்குக் கதவு அலறியது. இன்னொரு அடி. தாழ்ப்பாள் உள்ளே எங்கோ முறிந்தது. மூன்றாவதாக ஓங்கும்போது கதவு திறந்தது. தீனதயாளன் நின்றான். ஜெயிலில் மெலிந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. இடுப்பில் கவியா, அவன் கழுத்தில் முகம் புதைத்து நடுங்கிக்கொண்டிருந்தாள்.

ஓங்கிய சம்மட்டி அப்படியே நின்றது.

அவன் குழந்தையை மெதுவாகப் பிரித்து சுஜாதாவின் கையில் கொடுத்தான். கவியா தாயின் தோளுக்கு மேலாக விஜயாவைப் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். தீனா போர்டிகோவுக்கு வந்தான். செங்கல் குவியலுக்கு நடுவே முழங்காலில் உட்கார்ந்தான். தலையைக் குனிந்தான்.

"அடி யக்கா," என்றான். "வூட்ட வுட்டுடு. அது இன்னா பண்ணுச்சி? என்ன அடி."

கழுத்தெலும்பு புடைத்துத் தெரிந்தது. ஒரு அடி போதும். கூட்டத்தில் யாரும் தடுக்கமாட்டார்கள். தடுக்கிற ஊர் இல்லை அது. இதற்காகத்தானே வந்தாய் என்று தோள் கேட்டது. சம்மட்டி மேலே போயிற்று. விஜயாவுக்குக் காதுக்குள் கடல் இரைந்தது.

அவள் அடிக்கவில்லை. அடித்துவிட்டால் கேட்க ஆள் இருக்காது.

"நிமுந்து பாரு," என்றாள்.

அவன் நிமிர்ந்தான்.

"அவரு உன்ன எப்பிடி அண்ணாந்து பாத்தாரோ அப்பிடித்தான் நீ இப்ப பாக்கற. உன்ன இன்னும் நான் அடிக்கல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கோர்ட்டு இல்ல, போலீசு இல்ல. நான் யாராண்டயும் சொல்லமாட்டேன். என் தாலி மேல சத்தியம்னு சொல்லுவேன், அது இப்ப எங்கிட்ட இல்ல." சம்மட்டிப் பிடியை இறுக்கினாள். "தீனா, நான்டா மேஸ்திரிடான்னு அவரு கூப்ட்டாரு. கீழ கெடந்த எனக்கே கேட்டுச்சி. உன் கட்ட மேல நின்னுச்சி. நான் பாத்தேன். உனக்குக் கேட்டுச்சா?"

தீனா குனிந்து செங்கற்களைப் பார்த்தான்.

"கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லு. நான் இத்த இங்கயே போட்டுட்டுப் போயிடறேன். இந்த செவத்த நானே வந்து கட்டிக் குடுக்கறேன். கேட்டுச்சா இல்லியா?"

காற்றில் கொடித் துணிகள் படபடத்தன.

"சொல்லு," என்றாள் சுஜாதா. முதலில் கெஞ்சலாகத்தான் சொன்னாள். "கேக்கலன்னு சொல்லுய்யா. எங்கிட்ட எத்தினி தபா சொன்ன. கொழந்த தலையில கை வச்சி சொன்ன. அத்தயே சொல்லு, அக்கா போயிடும்."

தீனா மனைவியைப் பார்த்தான். அவள் தோளில் இருந்த குழந்தையைப் பார்த்தான். பிறகு அந்த இடது தூணைப் பார்த்தான். பெயிண்ட் உதிர்ந்து, அடி வாங்கிய வடுக்களோடு, கொஞ்சமும் சாயாமல் அது நின்றது.

"சொல்லுய்யா!" சுஜாதா இப்போது கத்தினாள். "வாயத் தொறந்து சொல்லேன்! இன்னாத்துக்கு முழிக்கற? கேக்கலதானே? கேக்கலதானே உனக்கு?"

அவன் தூணையே பார்த்துக்கொண்டிருந்தான். சுஜாதாவின் முகம் மெல்ல மாறியது. குழந்தையை இறுக்கிக்கொண்டு ஓரடி பின்வாங்கினாள். இத்தனை காலம் பக்கத்தில் படுத்திருந்த ஆளை அவள் அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பது மாதிரி இருந்தது.

விஜயாவின் கையில் இருந்து சம்மட்டி நழுவியது. தரையில் மோதிச் சாய்ந்தது. வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அவர் செத்த நாளிலிருந்து வராமல் கெட்டித்துக் கிடந்தது. உடைந்த சுவரின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தலையை அதில் முட்டி முட்டி, "கேட்டுக்கீதய்யா, அவனுக்குக் கேட்டுக்கீது," என்று தன் புருஷனிடம் சொல்கிற மாதிரி அவள் அழுதாள். செங்கல் நெற்றியைக் கிழித்தது. அவள் நிறுத்தவில்லை.

தீனதயாளன் எழுந்தான். முழங்காலில் ஒட்டியிருந்த செங்கல் தூளைத் தட்டவில்லை. செருப்பைத் தேடவில்லை. படியிறங்கி, கேட்டைத் திறந்தான். அருணகிரியும் மற்றவர்களும் ஒதுங்கி வழி விட்டார்கள். அவன் யாரையும் திரும்பிப் பார்க்காமல், வெயிலில் தார் கொதிக்கும் பெரிய சாலையை நோக்கி வெறுங்காலோடு நடந்து போனான்.